பால் பைத்தான் சாப்பிட மாட்டேங்குதா? எலியை மாத்துறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க

இது பால் பைத்தான் வச்சிருக்கிறவங்களுக்கு. பிரிட்டன் கடைகள்ல ராயல் பைத்தான்னு எழுதியிருப்பாங்க, ரெண்டும் ஒரே பாம்புதான். கார்ன் ஸ்னேக், ஹாக்னோஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் வரிசை கிட்டத்தட்ட இதேதான், ஆனா டிகிரி கணக்கு, கிராம் கணக்கு எல்லாம் வேற, அதை இங்கிருந்து எடுத்துக்காதீங்க.

நான் லண்டன்ல க்ராய்டன்ல இருக்கேன், ஒன்பது வருஷமா ஒரு ஆண் பாம்பு வச்சிருக்கேன், பேரு கட்டையன். இந்தப் பக்கம் நம்மாளுங்க யாரு புதுசா பாம்பு வாங்கினாலும் ரெண்டாவது மாசம் எனக்கு போன் வரும். "அண்ணா, மூணு வாரமா வாயே தொறக்கல, வேற எலி வாங்கட்டுமா? உயிரோட ஒண்ணு விடட்டுமா?" எல்லாரும் சாப்பாட்டுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. சாப்பாடு கடைசி. முதல்ல தராசு, அப்புறம் காலம், அப்புறம் உடம்பு, அப்புறம் பெட்டி, அதுக்கப்புறம்தான் எலி. இந்த வரிசையைத் தலைகீழா பண்றதாலதான் ரெண்டு வாரத்துல முடியற விஷயம் நாலு மாசம் இழுக்குது.

1. முன்கூட்டியே கையில இருக்க வேண்டியது

கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு ஒண்ணு. சமையலுக்கு வச்சிருக்கிறதை எடுக்காதீங்க, தனியா வாங்குங்க. பாம்பு உடம்புல சால்மோனெல்லா இருக்கலாம், வீட்ல சின்னக் குழந்தைங்க இருந்தா இதுல விளையாட்டே வேண்டாம்.

ப்ரோப் ஒயர் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு, ஹ்யூமிடிட்டி மீட்டர் ஒண்ணு, முடிஞ்சா ஒரு டெம்ப் கன் (தொடாமலே சூடு பாக்கிற கருவி). கண்ணாடியில ஒட்டுற முள்ளு வச்ச வட்ட மீட்டர் இருக்கே, அதைக் கழட்டித் தூக்கிப் போடுங்க. ஒட்டின இடத்துக் காத்தோட சூட்டை ஏதோ குத்துமதிப்பா காட்டும், பாம்பு படுத்திருக்கிற தரையோட சூடு அதுக்குத் தெரியாது.

30 செ.மீ. நீள இடுக்கி, ஜிப் பை, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டுல தேதி, எடை, என்ன எலி எத்தனை கிராம், சாப்பிட்டுச்சா இல்லையா, எப்ப சட்டை உரிச்சுது, இவ்வளவு எழுதினா போதும். டாக்டர்கிட்ட போனா முதல்ல கேட்கிறது இதைத்தான், அப்ப "ஒரு... ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்"னு தலையைச் சொறியாதீங்க.

இன்னும் வாங்கலைன்னா, வாங்குற அன்னைக்கே கடைக்காரர்கிட்ட கேளுங்க: கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு, எலியா சுண்டெலியா, ஃப்ரோசனா உயிரோடயா, எத்தனை கிராம், இடுக்கியில நீட்டினா எடுக்குமா இல்ல வச்சுட்டுப் போகணுமா. என் முன்னாடி ஒரு தடவை சாப்பிடட்டும்னு கேட்கிறதுல ஒரு தப்பும் இல்ல, ஒழுங்கான ஆளு காட்டுவார்.

(இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வரி. நம்ம நாட்டுப் பாம்பு எதையும் 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்ல வச்சிருக்கக் கூடாது. பால் பைத்தான் மாதிரி சைட்டிஸ் (உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கிற வெளிநாட்டு இனங்களை 2024ல வந்த விதிகள்படி மத்திய அரசோட பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். சிங்கப்பூர்ல வீட்ல பாம்பு வளர்க்கவே அனுமதி கிடையாது.)

2. எடை போடுங்க, அப்புறம் பயப்படலாமா வேண்டாமான்னு பாப்போம்

மூடி போட்ட டப்பாவை தராசுல வச்சு பூஜ்யம் பண்ணிட்டு, பாம்பை உள்ள விட்டு எடை பாருங்க. வாரம் ஒரு தடவை, அதே டப்பா. தினமும் வேண்டாம், ஒரு தடவை கழிவு போனாலே பத்து இருபது கிராம் இறங்கும், அதைப் பாத்துட்டு நடுராத்திரி எனக்கு போன் பண்ணின ஆளுங்க இருக்காங்க.

ஏன் இது முதல் படின்னா, "சாப்பிடல"ங்கிறது நோய் இல்ல, எடை குறையுதாங்கிறதுதான் கேள்வி. பாம்பு உடம்பு சூட்டுக்காக சாப்பாட்டை எரிக்கிறது இல்ல, சூட்டை வெளியில இருந்துதான் வாங்கிக்குது, அதனால சும்மா படுத்திருந்தா செலவு ரொம்பக் கம்மி.

கட்டையன் ஒரு வருஷம் நவம்பர் ஆரம்பத்துல நிறுத்தினான், ஏப்ரல்லதான் திரும்ப எடுத்தான். 1340 கிராம்ல இருந்து 1265க்கு வந்தான், அஞ்சு மாசத்துக்கு 75 கிராம், அஞ்சரை சதவீதம் சொச்சம். அதை நான் கண்டுக்கவே இல்ல. அதே குளிர்காலம் ஒரு தம்பியோட குட்டி 180 கிராம்ல இருந்து ஆறு வாரத்துல 158க்கு வந்துச்சு. கேட்க 22 கிராம்தான், ஆனா 12 சதவீதம், உடனே டாக்டர்கிட்ட போகச் சொன்னேன். பெரிய பாம்பு பத்து சதவீதத்தைத் தாண்டினா டாக்டர், குட்டின்னா பத்து வரைக்கும்கூட காத்திருக்காதீங்க.

கண்ணாலயும் பாருங்க. நல்ல பாம்போட உடம்பு மேல உருண்டையா இருக்கும். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கிட்டு ரெண்டு பக்கமும் சரிஞ்சிருந்தா இளைச்சுப் போச்சுன்னு அர்த்தம்.

3. சாப்பிடாம இருக்கிறதுக்கு நியாயமான காரணம் இருக்கா?

இந்த நாலுல எதுவாவது பொருந்தினா நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், காத்திருந்தா போதும்.

வாங்கி ரெண்டு வாரம் ஆகல. புது இடம், புது வாசனை. முதல் ஏழு நாள் எலியே காட்டாதீங்க. வாங்கின அன்னைக்கு சாயங்காலமே ஊட்டிப் பாத்துட்டு "மாட்டேங்குது"ன்னு கவலைப்படுறதுதான் நான் அதிகமா பாத்த தப்பு.

சட்டை உரிக்கப் போகுது. கண்ணு பால் விழுந்த மாதிரி நீலமா மங்கும், தோல் நிறம் கெட்டுப் போகும். அந்த நேரம் கண்ணு சரியாத் தெரியாது, ஒளிஞ்சேதான் கிடக்கும். உரிச்சு முடிச்சு ரெண்டு நாள் கழிச்சு குடுங்க, பாதிப் பேருக்கு பிரச்சனை இங்கயே முடிஞ்சிடும்.

வளர்ந்த ஆண், குளிர்காலம். இனச்சேர்க்கைக் காலம், நவம்பர்ல இருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும் சாப்பாட்டு ஞாபகமே இருக்காது. எடை நின்னா போதும்.

பெண், முட்டை கட்டுது. ஜோடி சேக்கலைன்னாலும் இது நடக்கும். வயித்துக்கு அடியில உருண்டை உருண்டையா இருக்கும், குளுமையான பக்கமே போய்ப் படுக்கும், தண்ணிக் கிண்ணத்தைச் சுத்திக்கிட்டு கிடக்கும்.

4. உடம்பு சரியில்லையான்னு பாருங்க

இதை பெட்டிக்கு முன்னாடி வச்சிருக்கேன், ஏன்னா சளி பிடிச்ச பாம்புக்கு நீங்க ஹைட் (பாம்பு ஒளிஞ்சுக்கிற கூடு) மாத்தி, எலி மாத்தி ரெண்டு மாசம் ஓட்டிட்டீங்கன்னா அதுக்குள்ள நிமோனியா ஆகியிருக்கும்.

மூச்சு விடும்போது விசில் மாதிரி, கொரகொரன்னு சத்தம், மூக்குல நுரை, வாயைத் தொறந்து வச்சு தலையை மேல தூக்கிக்கிட்டே இருக்கிறது, இது மூச்சுத் தொற்று. ஈறு சிவந்து, ஓரத்துல தயிர்க்கட்டி மாதிரி சீழ் இருந்தா வாய்ப்புண். தண்ணிக் கிண்ணத்துல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி, பாம்பும் நாள் பூரா தண்ணியிலயே கிடந்தா அது உண்ணி. தலை காரணமே இல்லாம மேல வானத்தைப் பாத்துத் திரும்புது, கவுந்து விழுந்தா நிமிர முடியல, இல்ல சாப்பிட்டதைத் திரும்பத் திரும்பக் கக்குதுன்னா ரொம்ப அவசரம்.

இதுல ஒண்ணு இருந்தாலும் இந்தக் கட்டுரையை இங்கயே நிறுத்திட்டு ஊர்வன பாக்கிற டாக்டருக்கு போன் பண்ணுங்க. சாதாரண நாய் பூனை டாக்டர் வேண்டாம். நான் முதல் தடவை வீட்டுப் பக்கத்துல இருந்த ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், அவர் பெட்டியைத் தொறக்கவே பயந்துட்டார், பாவம், காசு மட்டும் வாங்கினார். போகும்போது புதுசா போன கழிவு இருந்தா ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போங்க, குடல் புழு இருக்கான்னு பாப்பாங்க.

5. சூடு: பத்துல ஆறு கேஸ் இங்கதான் முடியுது

ஆறுங்கிறது நான் பாத்த வரைக்கும் சொல்ற கணக்கு, ஆராய்ச்சி இல்ல.

சூடான பக்கம் தரை 31ல இருந்து 33 டிகிரி, குளுமையான பக்கம் 24ல இருந்து 26. ஹ்யூமிடிட்டி 55ல இருந்து 70 சதவீதம், சட்டை உரிக்கும்போது கொஞ்சம் மேல. ஒரு ப்ரோப்பை சூடான ஹைட்டுக்குள்ள, தரையோட ஒட்டி வையுங்க, இன்னொண்ணை மறுபக்கம். ஹீட் மேட்டோ செராமிக் பல்போ எதுவா இருந்தாலும் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி) இல்லாம ஓட்டாதீங்க, வயிறு வெந்து போன பாம்பை நான் பாத்திருக்கேன்.

காரணம் என்னன்னா, முழுங்கின எலியை செரிக்க வெளிச்சூடு வேணும். சூடு பத்தலைன்னா எலி வயித்துக்குள்ளயே அழுகும். அதனால குளிர்ற பாம்பு சாப்பிடாம இருக்கிறது அடம் இல்ல, புத்திசாலித்தனம்.

இங்க லண்டன்ல ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன். நவம்பர் வந்ததும் கேஸ் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஹீட்டிங்கை அணைச்சிடுறோம், ரூம் 16 டிகிரிக்குப் போயிடுது, கண்ணாடிப் பெட்டி சூட்டைப் பிடிச்சு வைக்காது, ஹீட் மேட் மூச்சு முட்ட ஓடினாலும் குளுமையான பக்கம் 20க்கு இறங்கிடும். காலைல எல்லாம் சரியாயிடும், நீங்க பகல்ல பாத்து "டெம்பரேச்சர் கரெக்டாதான் இருக்கு"ன்னு சொல்வீங்க. அதனால குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு ஞாபகம் வச்சுக்கிற தெர்மாமீட்டரா வாங்கி மூணு ராத்திரி பாருங்க. கண்ணாடின்னா மூணு பக்கமும் தெர்மோகோல் ஒட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

6. ஒளிய இடம்

மேற்கு ஆப்பிரிக்காவுல, கானா, டோகோ, பெனின் பக்கம், இந்தப் பாம்பு பகல் பூரா எலி வளையிலயும் கரையான் புத்துலயும்தான் கிடக்கும். நம்ம ஊர்ல புத்துக்குள்ள பாம்புன்னு சொல்றோமே, அதேதான். அதை எடுத்து நாலு அடி கண்ணாடிப் பெட்டியில, நடுவுல ஒரு அழகான மரக்கட்டை மட்டும் வச்சு விட்டா அதுக்கு நடுரோட்ல நிக்கிற மாதிரி இருக்கும். நடுரோட்ல உக்காந்து யாரு சாப்பிடுவா?

ஒரே மாதிரி ரெண்டு ஹைட், சூடான பக்கம் ஒண்ணு, குளுமையான பக்கம் ஒண்ணு. ஒண்ணுதான் இருந்தா சூடு வேணுமா பாதுகாப்பு வேணுமான்னு அது தேர்ந்தெடுக்கணும், எப்பவும் பாதுகாப்பைத்தான் எடுக்கும், சூடு கிடைக்காது, திரும்ப அஞ்சாம் படிதான். சைஸ் முக்கியம்: சுருண்டு படுத்தா உடம்பு சுவத்துல படணும். "தாராளமா இருக்கட்டும்"னு பெருசா வாங்கிடாதீங்க. குப்புறக் கவுத்த பிளாஸ்டிக் டப்பாவுல வாசல் வெட்டினாலும் போதும், ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடுங்க.

மீதி இடத்தை பிளாஸ்டிக் செடி, அட்டை ரோல், கட்டைன்னு அடைச்சு வையுங்க. டிவி, ஸ்பீக்கர், ஓடிட்டே இருக்கிற வாஷிங் மிஷின் பக்கத்துல பெட்டி இருந்தா நகர்த்துங்க.

7. ஒரு வாரம் கையை எடுங்க

சூடு, ஹைட் சரி பண்ணினதும் ஏழு நாள் தொடாதீங்க. தண்ணி மாத்துறது, அசிங்கம் எடுக்கிறது மட்டும். எடைகூட இந்த வாரம் வேண்டாம். பையனோட ஃப்ரெண்ட்ஸ் வந்தா காட்டுறது, வீடியோ கால்ல பாட்டிக்குக் காட்டுறது எல்லாம் கட். இந்தப் படியைத்தான் யாரும் முழுசா செய்யறது இல்ல, மூணாவது நாளே எலியோட போய் நிப்பாங்க.

8. எலியை உருக்கிச் சூடாக்குறது

சைஸ்: பாம்போட உடம்புல தடிமனான இடம் எவ்வளவோ அவ்வளவு, இல்ல ஒரு துளி கம்மி. குட்டிக்கு அது எடையில பத்து சதவீதம் சுமார், வளர்ந்ததுக்கு அஞ்சு சதவீதம் போதும்.

ராத்திரி ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு, ஜிப் பையோட. மறுநாள் சாயங்காலம் கை பொறுக்கிற சுடுதண்ணியில, 40 டிகிரி கிட்ட, பையோடயே கால் மணி நேரம். வயித்தை அமுக்கிப் பாருங்க, உள்ள ஐஸ் கட்டி தட்டுப்படக் கூடாது. பை எதுக்குன்னா, நேரா தண்ணியில போட்டா எலி வாசனை போயிடும், ஈர எலியில மரத்தூளும் ஒட்டிக்கும்.

மைக்ரோவேவ்ல வைக்காதீங்க. வெளிய வெந்து உள்ள ஐஸா இருக்கும், வெடிக்கவும் வெடிக்கும், அதுக்கப்புறம் வீட்ல உங்களுக்கு சோறு கிடைக்காது. கொதிக்கிற தண்ணியும் வேண்டாம், வயித்துத் தோல் கிழிஞ்சிடும்.

கடைசியா ஹேர் டிரையரால தலையை மட்டும் ஒரு நிமிஷம். தலை 38, 40 டிகிரி இருக்கணும், டெம்ப் கன் இங்கதான் உதவும். இந்தப் பாம்பு உதட்டு ஓரத்துல வரிசையா குழி இருக்கும், அதால சூட்டைப் பாக்கும். உடம்பை விட தலை சூடா இருந்தா எங்க கவ்வணும்னு அதுக்குத் தெரியும். ஆறிப்போன எலி அதுக்கு ஒரு கல்லு மாதிரிதான்.

9. நீட்டுறது

இருட்டினதுக்கு அப்புறம், ரூம் லைட்டை அணைச்சிட்டு. இடுக்கியால எலியோட தோள்பட்டைக்குப் பின்னாடி பிடிங்க, வாலைப் பிடிச்சா பெண்டுலம் மாதிரி ஆடும், பாம்பு மிரளும். ஹைட் வாசல்ல, முகத்துல இருந்து ஒரு சாண் தள்ளி, மெதுவா ரெண்டு அசைவு, நிறுத்து, திரும்ப ரெண்டு. உண்மை எலி அப்படித்தான் போகும், நின்னு நின்னு.

கழுத்தை எஸ் மாதிரி மடக்கி நாக்கை வேகமா நீட்டினா அசையாம நில்லுங்க. தலையைப் பின்னாடி இழுத்துப் பந்தா சுருண்டா அதோட முடிஞ்சுது, துரத்தாதீங்க. மூக்குல எலியை வச்சு இடிச்சா அதுக்கு எலின்னாலே பயம் வந்துடும், நானே ஆரம்பத்துல இப்படிப் பண்ணி ரெண்டு மாசம் கெடுத்திருக்கேன்.

பத்து நிமிஷத்துல எடுக்கலைன்னா எலியை சூடான ஹைட் வாசல்ல ஒரு தட்டுல வச்சுட்டு, பெட்டியைத் துணியால மூடிட்டு போய்த் தூங்குங்க. கூச்சப்படுற பாம்பு ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கும். காலைல அப்படியே இருந்தா குப்பையில போடுங்க, திரும்ப ஃப்ரீசர்ல வைக்காதீங்க.

அடுத்த முயற்சி குட்டின்னா ஏழு நாள் கழிச்சு, பெருசுன்னா பதினாலு நாள் கழிச்சு. நாளைக்கே இல்ல. தினமும் நீட்டினா தினமும் பயமுறுத்துறீங்கன்னு அர்த்தம்.

10. அப்பவும் மாட்டேன்னா, ஒவ்வொண்ணா மாத்துங்க

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம். மூணு சேத்து மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது, அடுத்த தடவை திரும்ப பூஜ்யத்துல இருந்து.

முதல்ல ஒரு சைஸ் சின்ன எலி. அடுத்து, காத்து ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில பாம்பையும் சூடான எலியையும் வச்சு, அந்தப் பெட்டியை பாம்பு வளர்க்கிற பெரிய பெட்டிக்குள்ளயே ராத்திரி விடுறது, குட்டிங்களுக்கு இது நல்லா வேலை செய்யும். அடுத்து வாசனை: சுண்டெலி இல்ல ஜெர்பில் (எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி) வளர்க்கிறவங்ககிட்ட பழைய கூண்டுத் தூள் ஒரு பிடி வாங்கி, எலியை அதுல உருட்டி எடுங்க. வெள்ளை எலியை மாத்திப் பழுப்பு எலி. கடைசியா, எலித் தலையில சின்னதாக் கீறி உள்ள இருக்கிற வாசனை வர விடுறது, கேட்க அருவருப்பா இருக்கும், ஆனா பல பிடிவாதக்காரன் இதுக்கு மடிஞ்சிருக்கான்.

சுண்டெலிக்கு மாத்துறதை நான் தள்ளிப் போடச் சொல்வேன். எடுக்கும், சந்தோஷமா எடுக்கும், அப்புறம் வாழ்நாள் பூரா சுண்டெலிதான் வேணும்னு நிக்கும், பெருசானதும் ஒரு வேளைக்கு நாலு வேணும். வேற வழியே இல்லைன்னா குடுங்க, ரெண்டு மூணு வேளை எடுத்ததும் எலியை சுண்டெலி மேல நல்லாத் தேய்ச்சுக் குடுத்துத் திருப்பிடுங்க.

11. இதெல்லாம் வேண்டாம்

உயிரோட எலியை விட்டுட்டுப் போறது. பசியில்லாத பாம்பு எலியைக் கண்டுக்காது, எலிக்குப் பசிக்கும், பாம்பைக் கடிச்சுத் தின்னும். முதுகெலும்பு வரைக்கும் காயமான பாம்புங்க இருக்கு.

வாயைத் தொறந்து வலுக்கட்டாயமா திணிக்கிறது. தொண்டை கிழியும், மூச்சுக்குழாய்ல போகும். அது டாக்டர் வேலை, அவங்களே கடைசியாத்தான் பண்ணுவாங்க.

பால், முட்டை, கோழித் துண்டு. எங்கம்மா மதுரையில இருந்து "ஒரு கிண்ணம் பால் வச்சுப் பாருடா"ன்னு இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. பால் பாம்புக்கு செரிக்காது. வெறும் கறியில எலும்பு கிடையாது, கால்சியம் கிடைக்காது. முழு எலியிலதான் அதுக்கு வேண்டியது எல்லாம் இருக்கு.

12. எடுத்துடுச்சு, இப்ப?

சத்தம் போடாதீங்க, போட்டோ எடுக்க ஃபிளாஷ் அடிக்காதீங்க. ரெண்டு நாள் முழுசா கை வைக்காதீங்க, வச்சா கக்கிடும். கக்கினா பத்துப் பதினாலு நாள் வயித்துக்கு ஓய்வு குடுத்துட்டு, பாதி சைஸ் எலியில இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டாவது தடவையும் கக்கினா டாக்டர்.

"பாவம், மூணு மாசமா பட்டினி"ன்னு அடுத்த வாரம் ரெண்டு எலி குடுக்காதீங்க. அதே சின்ன சைஸ், அதே நேரம், அதே வாசல், தொடர்ந்து மூணு வேளை எடுத்ததுக்கு அப்புறம்தான் பழைய சைஸ். மூணாவது வேளை நோட்டுல ஏறுற வரைக்கும் பெட்டிக்குள்ள ஒரு செடியைக்கூட நகர்த்தாதீங்க.